தமயந்தி செஞ்சி பார்த்துட்டுத்தான் வாங்குவாள்

திருத்தணி கடைத்தெருவில் சுந்தரமூர்த்தியின் வீட்டுச் சாமான் கடையில் டில்லிபாபுவுக்கு அது பதினோராவது வருஷம். மிக்சி, கிரைண்டர், ஃபேன், இஸ்திரிப் பெட்டி எதைக் கொடுத்தாலும் விற்றுவிடுவான். அவனால் விற்க முடியாமல் போன ஒரே சாமான் ஏர் ஃப்ரையர்.

தப்பு அவனுடையது இல்லை. சென்னையில் நடந்த ஒரு வியாபாரிகள் கூட்டத்துக்குப் போன சுந்தரமூர்த்தி, அங்கே ஏர் ஃப்ரையரில் செய்து கொடுத்த சிக்கன் நன்றாக இருந்தது என்று அப்போதே பன்னிரண்டு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நாலு மாசத்தில் இரண்டு போயிற்று. அதில் ஒன்று மறுநாளே திரும்பி வந்தது. வாங்கிப் போனவர் அதில் பால் காய்ச்சிப் பார்த்திருக்கிறார். அதைத் துடைத்து, கடைக்குள் ஒரு மேஜைமேல் வைத்து, பக்கத்தில் ‘டெமோ’ என்று எழுதி வைத்தார்கள்.

"டில்லி, கஸ்டமர் கையிலயே குடுத்து செஞ்சி பாக்கச் சொல்லு. செஞ்சி பார்த்தவங்க வாங்காம போக மாட்டாங்க" என்றார் சுந்தரமூர்த்தி.

அப்படிச் சொன்ன வாரம்தான் தமயந்தி கடைக்குள் வந்தாள்.

தமயந்திக்குப் பள்ளிப்பட்டு ரோட்டில் ஊர். சொந்தத்தில் கொஞ்சம் கரும்பும் வேர்க்கடலையும் போட்டிருந்தார்கள். மகள் பத்தாங் கிளாஸ். கடைக்கு மேல் மாடியில் கணக்கு டியூஷன், சாயந்தரம் ஐந்திலிருந்து ஆறரை வரைக்கும். மகளைக் கொண்டுவந்து விட்டால், ஊருக்குப் போய்த் திரும்பி வர நேரம் இருக்காது. மாடிப்படியில் உட்கார்ந்தால் புழுங்கும். கடையில் ஏசி இருந்தது.

"இது இன்னா தம்பி, சோறாக்கறதா?"

"இல்லக்கா. எண்ணெ இல்லாம பொரிக்கறது. உள்ள சூடு காத்து சுத்திகினே இருக்கும், அதுலயே பொரிஞ்சிடும்."

"சித்திரை மாசத்துல எங்க ஊர்லயும் சூடு காத்து சுத்திகினுதான் இருக்குது. ஒண்ணும் பொரியக் காணோமே."

டில்லிபாபு முதலாளி சொல்லிக் கொடுத்ததையே எடுத்தான். "செஞ்சி பார்த்துட்டு வாங்குங்கக்கா. நீங்களே கொண்டாந்து போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டான்.

அவனுக்குத் தமயந்தியைப் பற்றித் தெரியாது. அவள் எதையும் பார்க்காமல் வாங்கியதில்லை. வேறொரு கடையில் ஃபேன் வாங்கியபோது அங்கேயே அதைப் போடச் சொல்லி, ஒரு மணி நேரம் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்தவள். கிருஷ்ணனைக் கட்டிக்கொள்ளும்படி வீட்டில் சொன்னபோது, ரெண்டு வீட்டாரும் சோளிங்கர் மலைக்குப் போகட்டும் என்று ஏற்பாடு செய்து, பஸ்சில் அந்த ஆள் தூங்கும்போது பக்கத்துச் சீட்டுக்காரர்மேல் சாய்கிறானா என்று போகும்போதும் வரும்போதும் பார்த்த பிறகுதான் சரி என்றாள்.

மறுநாள் ஒரு தூக்கில் வேர்க்கடலையோடு வந்தாள். கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் போட்டு ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசிறி வைத்திருந்தாள். பன்னிரண்டு நிமிஷத்தில் மணி அடித்தது. கூடையை இழுத்தால் கடலை மொறுமொறுவென்று இருந்தது.

"சாப்பிட்டுட்டு சொல்லு தம்பி."

"நீங்க சாப்பிடுங்கக்கா."

"நான் ஆடிக் கிருத்திகைக்கு விரதம். காவடி எடுக்கறேன்னு வேண்டிகினு இருக்கேன். வூட்ல வெளக்கு வெச்ச பிறகு ஒருவேளைதான். வெளிய எதுவும் வாயில வெக்க மாட்டேன். நீதான் சொல்லணும்."

டில்லிபாபு சாப்பிட்டான். நன்றாகத்தான் இருந்தது.

"நூத்துக்கு எத்தினி?"

"என்னதுக்கா?"

"மார்க்கு. நல்லா இருக்குதுன்னா ஒண்ணும் புரியாது. மார்க்கா சொல்லு."

"எண்பத்தெட்டு" என்றான்.

"பொட்டி ஒரு பாடத்துல பாஸாயிடுச்சி" என்று சொல்லிவிட்டு, மீதிக் கடலையைத் தூக்கில் கொட்டிக்கொண்டு அவள் போனாள். போகும்போது வாங்குவாள் என்று அவன் எதிர்பார்த்தான். "ஒரு பாடத்த வெச்சி எப்படி முடிவு பண்றது" என்றாள்.

அப்படி ஆரம்பித்தது. ரெண்டாம் நாள் அப்பளம். உள்ளே இருக்கிற காற்றாடி வேகத்துக்கு அப்பளம் கூடையிலிருந்து பறந்து மேலே போய்க் கம்பியில் ஒட்டிக்கொண்டு கருகியது. அப்பளம் ஃபெயில். மூன்றாம் நாள் வாழைக்காய் வறுவல், தொண்ணூற்றிரண்டு. நாலாம் நாள் பஜ்ஜி. மாவெல்லாம் கூடையின் ஓட்டை வழியாகக் கீழே ஒழுகி, வெங்காயம் மட்டும் வெறும் உடம்போடு மேலே கிடந்தது. ஒழுகியது காய்ந்து சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொண்டதில் டில்லிபாபு அரை மணி நேரம் ஸ்பூனால் சுரண்டினான்.

"பஜ்ஜிக்கு மார்க்கே கெடையாது. பரீட்சைக்கே வரல" என்றாள் தமயந்தி.

மெதுவடைக்கு முப்பத்தைந்து கொடுத்தான். உருவம் வடை மாதிரி இருந்தது, கடித்தால் பிஸ்கட். "பாஸ்தான், ஆனா நாலு பேரு கிட்ட சொல்லிக்க முடியாது" என்று அவள் முடித்தாள்.

கடைக்கு வருகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். டில்லிபாபு சாப்பிட்டுவிட்டு என்ன மார்க் சொல்கிறான் என்று காத்திருந்தார்கள். மூன்றாவது வாரம் ரெண்டு ஏர் ஃப்ரையர் விற்றது. சுந்தரமூர்த்தி கல்லாவில் உட்கார்ந்தபடி, சென்னையில் தான் சாப்பிட்ட சிக்கனைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை தமயந்தி மோர்மிளகாய் கொண்டு வந்தாள்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு ஃபிரிட்ஜ் வாங்க வந்திருந்தது. பெண், பெண்ணைப் பெற்றவர்கள், அத்தைகள், மாமாக்கள் என்று ஒன்பது பேர். சுந்தரமூர்த்தி தானே எழுந்து வந்து, கதவைத் திறந்து திறந்து காட்டிக்கொண்டிருந்தார். ஏசி ஓடியது. கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. ஓர் ஓரத்தில் தமயந்தி ரெண்டு கைப்பிடி மோர்மிளகாயைக் கூடையில் போட்டு, நூற்றியெண்பதில் வைத்து, பொத்தானை அமுக்கினாள்.

முதலில் கல்யாணப் பெண் தும்மினாள். ஒரு தும்மல் நல்ல சகுனம் இல்லை என்று அத்தை ஒருத்தி சொல்ல வாயைத் திறந்தாள், அவளுக்கும் வந்துவிட்டது. அப்புறம் யாரும் எண்ணவில்லை. "பத்து வருஷம் கம்ப்ரசர் வாரண்டி" என்று சொல்லிக்கொண்டிருந்த சுந்தரமூர்த்தி ‘வாரண்’ வரைக்கும் சொல்லிவிட்டு ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருமினார். சாதாரணமாக மோர்மிளகாய் வறுத்தால் வாசனை அடுப்படியோடு போகும். இங்கே காற்றாடி வைத்து ஊதியதில், கடை முழுக்க, மூலையில் அடுக்கிய குக்கர் டப்பாவுக்குள் வரைக்கும் போயிற்று. ஒன்பது பேரும் ரோட்டில் நின்று கண்ணைக் கசக்கினார்கள். மலைக்குப் போகிற பஸ்சுக்குக் காத்திருந்தவர்களும் தள்ளிப் போய் நின்றார்கள். டில்லிபாபு கடையின் ஃபேன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டான். அது இன்னும் மோசமாயிற்று.

கடைசியில் வெளியே வந்தவள் தமயந்தி. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு கையில் கூடையைப் பிடித்திருந்தாள்.

"ஒண்ணுகூட கருகல தம்பி. சாப்பிட்டுட்டு சொல்லு."

டில்லிபாபு கண்ணில் தண்ணீரோடு ஒன்றை எடுத்துக் கடித்தான். பொய் சொல்ல முடியவில்லை. "தொண்ணூத்தஞ்சி" என்றான்.

அந்தக் குடும்பம் ஃபிரிட்ஜை வேறு கடையில் வாங்கிக்கொண்டது. சுந்தரமூர்த்தி அன்றைக்கு டில்லிபாபுவிடம் ரொம்பப் பேசவில்லை. தொண்டை கட்டியிருந்தது. "அந்தம்மா இனிமே உள்ள வரக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

தமயந்தி கோபித்துக்கொள்ளவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து பூ கட்டினாள். ஆனால் ரெண்டு நாளாகக் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள். "மார்க்கு போடற அம்மா எங்க?" ஒருவர் அரக்கோணத்திலிருந்து இதற்காகவே வந்திருந்தார். அவருடைய மனைவி கேட்டுவரச் சொன்னது கோவைக்காய். டில்லிபாபு கோவைக்காய் நன்றாக வரும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "நீங்க விக்கறவரு, நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்று அவர் போய்விட்டார்.

மூன்றாம் நாள் சுந்தரமூர்த்தி தானே மாடிப்படி வரைக்கும் போனார். "உள்ள வேணாம்மா. மேஜையை வாசல்ல போட்டுத் தரேன். காத்தோட்டமா இருக்கும்" என்றார்.

வாசலில் மேஜை வந்த பிறகு வியாபாரம் வேறு மாதிரி ஆயிற்று. பஸ்சுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் கூட்டத்தில் சேர்ந்தார்கள். தமயந்தி யாரையும் வாங்கச் சொல்வதில்லை. முதலில் கேள்விதான் கேட்பாள். மணியம்மை என்று ஓர் அம்மா, தறி போட்டிருக்கிற வீடு, மகன்கள் மருமகள்களோடு வந்து நின்றாள்.

"வூட்ல எத்தினி பேரு?"

"எட்டு பேரு."

"வேணாம்மா. எட்டாவது ஆளுக்கு வாழைக்கா போய்ச் சேர்றதுக்குள்ள மொத ஆளுக்கு மறுபடி பசிக்கும். நீ பெரிய வாணலியா ஒண்ணு வாங்கிக்கோ."

 முதலாளி காதில் விழுந்திருக்குமோ என்று டில்லிபாபு திரும்பிப் பார்த்தான். ஆனால் மணியம்மை அந்தப் பெரிய வாணலியை வாங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த, ரெண்டே பேர் இருக்கிற வீட்டு வாத்தியார் ஒருவர், "எனக்கு ஒத்து வருமாம்மா?" என்று கேட்டு, ஆங் என்று அவள் சொன்னதும் பேரம்கூடப் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். வேண்டாம் என்று சொல்கிற வாய் வாங்கு என்று சொன்னால் ஜனங்கள் நம்பினார்கள். அவர் வாங்கியதையும் சேர்த்துப் பத்து நாளில் ஐந்து போயிற்று.

இதில் கஷ்டப்பட்டது ஒரே ஆள். தினமும் சாயந்தரம் ஐந்தரைக்கு டில்லிபாபு தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பாகற்காய், பலாக்கொட்டை, பனீர், வெண்டைக்காய், முந்தாநாள் இட்லி. எல்லாம் உலர்ந்திருந்தது. எல்லாம் சூடாக இருந்தது. எல்லாவற்றிலும் மோர்மிளகாய் லேசாக எட்டிப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டால்தான் மார்க் சொல்ல முடிந்தது. எண்ணெயில் ஏதாவது மிதப்பதைப் பார்த்தாலே அவனுக்கு ஏக்கத்தில் நெஞ்சு பொங்கியது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும், "பிரேமா, ரெண்டு பூரி போடேன்" என்பான். மறுநாள் உருளைக்கிழங்கு போண்டா. அதற்கு மறுநாள் அப்பளம் மட்டும் போதும், ஆனால் எண்ணெயில் என்றான்.

பிரேமா அவனுக்கு மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்னேயும் பாவா என்றுதான் கூப்பிடுவாள், பின்னேயும் அப்படித்தான். அவன் நாக்கைச் சின்ன வயசிலிருந்தே அவளுக்குத் தெரியும். இப்படி அவன் கேட்டதில்லை. ராத்திரிச் சோற்றைத் தொடாமல் போண்டா மட்டும் தின்கிற மனிதனைப் பார்த்து அவளுக்கு யோசனை வந்தது. எதிர் வீட்டு அனுசுயா வேறு வந்து ஒன்று சொன்னாள். "கடை வாசல்ல ஒரு பொம்பள தட்டுல எடுத்துக் குடுக்குது, உங்க வூட்டுக்காரரு கண்ண மூடிக்கினு சாப்பிட்டுகினு இருக்காரு. நான் பஸ்லர்ந்து பார்த்தேன்."

வெள்ளிக்கிழமை சாயந்தரம் பிரேமா ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வரிசையாக யோசித்து வைத்திருந்தாள். அவள் இறங்கியபோது டில்லிபாபு கண்ணை மூடிக்கொண்டு சேனைக்கிழங்கு வறுவல் மென்றுகொண்டிருந்தான்.

"பாவா."

கண்ணைத் திறந்தான்.

"இன்னா பண்றீங்க?"

"வேல பார்க்கறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிரேமா யோசித்து வைத்த முதல் வார்த்தையை எடுப்பதற்குள் தமயந்தி தட்டை அவளிடம் நீட்டினாள்.

"நீ இவரு வூட்டுக்காரம்மாவா? நல்ல நேரத்துல வந்தம்மா. இவருக்கு நாக்கு மரத்துப் போச்சி. மூணு நாளா எத்தக் குடுத்தாலும் எழுபதுன்றாரு. நீ சொல்லு."

கோபமாக வந்தவர்கள் கையில் தட்டு வந்துவிட்டால் என்ன செய்வதென்று தெரியாது. பிரேமா ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள்.

"சேனை அரிக்குது. எதுல ஊற வெச்சீங்க?"

"மோர்ல."

"புளித்தண்ணில வெக்கணும். மேல கொஞ்சம் அரிசி மாவு தூவியிருந்தா இன்னும் மொறுமொறுன்னு வந்திருக்கும்."

"அரிசி மாவு இருக்குது. பாத்துடலாம்."

ரெண்டாவது கூடை போட்டார்கள். மூன்றாவதில் பிரேமா சோம்பு சேர்க்கச் சொன்னாள். அது தொண்ணூறு என்று ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள், தமயந்தி வாசனையை வைத்து. அதற்குப் பிறகுதான் பிரேமாவுக்கு வந்த காரியம் ஞாபகம் வந்தது.

"ஆமா, நீங்க யாரு?"

தமயந்தி சொன்னாள். டியூஷன், ஏசி, கடலை, மோர்மிளகாய் எல்லாவற்றையும் சொன்னாள். பிரேமா கேட்டு முடித்துவிட்டு டில்லிபாபுவைப் பார்த்தாள். "எனக்கும் ஒண்ணு வேணும் பாவா" என்றாள்.

"வேணாம் பிரேமா."

அவன் சட்டென்று சொல்லிவிட்டான். பில் போடுவதற்காக ஒரு பெட்டியைக் கையில் வைத்திருந்த பெரியவர் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் வேணாம்?"

"நம்ம அடுப்படியில இருக்கறது ஒரு பிளக்கு. அது மிக்சிக்கு."

"மாத்தி மாத்திப் போட்டுக்கறேன்."

"மேடையில எடம் இல்ல."

"எங்க நைனா வாங்கிக் குடுத்த கிரைண்டர் ஓடாம நிக்குது. அத்த எடுத்தா எடம் வந்துடும்."

"பூரி வராது. பஜ்ஜி ஒழுகிடும். அப்பளம் பறந்து போயிடும்."

சத்தம் கேட்டு சுந்தரமூர்த்தி வெளியே வந்தார். "டில்லி, இன்னா பேசிக்கினு இருக்க?"

டில்லிபாபு தட்டை மேஜைமேல் வைத்தான். 

"மொதலாளி, முப்பத்திரெண்டு நாளா காத்துல பொரிச்சதத் தின்னுகினு இருக்கேன். வூட்டுக்குப் போனாத்தான் எண்ணெயில பொரிச்சது ஒரு வாய் கெடைக்குது. அந்த வாணலியும் போயிடுச்சின்னா நான் எங்க போவேன்?"

 சுந்தரமூர்த்தி அவனைத் திட்டுவார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர், "நானும் அந்த சிக்கன ஒரு தடவதான் சாப்பிட்டேன்" என்றார்.

பெட்டியை வைத்திருந்த பெரியவர் கையிலிருந்ததைப் பார்த்தார். "எனக்கு டாக்டரு எண்ணெயே ஆகாதுன்னுட்டாரும்மா. நான் இன்னா பண்றது?"

"உங்களுக்கு வேற வழி இல்ல, எடுத்துகினு போங்க" என்றாள் தமயந்தி. அவர் நிம்மதியாக உள்ளே பில் போடப் போனார்.

பிரேமாவின் விஷயத்தில் தமயந்தி வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். வீட்டில் ரெண்டு பேர். தினமும் பொரியல் வறுவல் உண்டு. "ஒத்து வரும், வாணலியத் தூக்கிப் போடாம இருந்தா" என்றாள். பிரேமா தூக்கிப் போட மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அதை டில்லிபாபு ரெண்டு தரம் சொல்ல வைத்தான். ஆடி முடிந்ததும் டெமோவுக்கு வைத்ததையே எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம் என்று சுந்தரமூர்த்தி சொன்னார். அதை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது.

ஆடிக் கிருத்திகை அன்று தமயந்தி காவடி எடுத்துப் படியேறினாள். விரதம் முடிந்த மறுநாள் கடைக்கு வந்து, வாழைக்காய் வறுவல் போட்டு, முதல் தடவையாகத் தானே ஒரு துண்டு சாப்பிட்டாள். நிதானமாக மென்றாள்.

"தொண்ணூத்திரெண்டு போட்டது தப்பு தம்பி. எண்பத்தஞ்சிதான். நீ அன்னிக்கிப் பசியில இருந்திருப்ப."

சுந்தரமூர்த்தி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அவருக்கும் ஒரு மாசமாகக் கேட்க வேண்டும் என்று இருந்தது. "அப்ப நீ வாங்கறியாம்மா?"

"வேணாங்க. நாங்க ஆறு பேரு. அதுவும் இல்லாம, வூட்ல இத்த வெச்சா நான் ஒருத்தி செய்வேன், மத்தவங்க தின்னுட்டு எழுந்து போவாங்க. எங்க வூட்டுக்காரரு எத்தக் குடுத்தாலும் உம்னுதான் சொல்லுவாரு. அது எத்தினி மார்க்குன்னு இருவது வருஷமா எனக்குத் தெரியல. மார்க்கு சொல்ற ஆளு இல்லாத எடத்துல பொட்டி எதுக்கு?"

 மகளுக்கு அடுத்த வாரத்திலிருந்து டியூஷன் நேரத்தைக் காலையில் மாற்றிவிட்டார்கள். தமயந்தி அப்புறம் சாயந்தரங்களில் வரவில்லை.

டில்லிபாபு வீட்டில் ஏர் ஃப்ரையர் கிரைண்டர் இருந்த இடத்தில் உட்கார்ந்தது. பிரேமா சொன்னபடி வாணலியையும் வைத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எண்ணெயில் மெதுவடை சுட்டாள். ஆசை தீரத் தின்றும் ஆறு வடை மிஞ்சியது. திங்கட்கிழமை காலையில் அது சில்லென்று, ரப்பர் மாதிரி கிடந்தது. பிரேமா அதை ஏர் ஃப்ரையரில் போட்டு நாலு நிமிஷம் வைத்தாள்.

டில்லிபாபு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்தான். மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக, நேற்றைவிட நன்றாக இருந்தது. கண்ணை மூடாமலேயே இன்னொன்று தின்றான். மூன்றாவதை நின்றபடியே தின்றுவிட்டுக் கடைக்கு ஓடினான்.

கடையில் கடைசி ரெண்டு பெட்டி மிச்சம் இருந்தது. ஒரு புருஷனும் பெண்சாதியும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது வாங்கறது உபயோகமாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ரொம்ப உபயோகம்மா" என்றான் டில்லிபாபு, மனசார. "மொதல்ல எண்ணெயில நல்லா பொரிச்சிக்கணும்."